நிலம் கேட்காத சக்கரம்

2016இல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து இசுசு வி-கிராஸ் வெளிவந்தபோதும், 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தபோதும், பெரும்பாலும் சரக்கு வண்டியாகவே அறியப்பட்டிருந்த பிக்கப்புக்குப் புதியதொரு சமூகத் தகுதி கிடைத்தது. அத்தகுதியோடு ஒரு சடங்கும் சேர்ந்துகொண்டது. வண்டி வீடு வந்து சேர்ந்த சில வாரங்களில் ஆலை அளித்த டயர்கள் கழற்றப்படுகின்றன. அவற்றின் இடத்தில் ஏறத்தாழ 33 அங்குல விட்டம் கொண்ட, தடித்த கட்டிகள் நிறைந்த டயர்கள் ஏறுகின்றன. அவை சக்கரக் குழியில் உரசுகின்றன என்பதால் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் வாங்கப்படுகிறது. பக்கவாட்டில் பிதுங்குகின்றன என்பதால் அகன்ற மட்கார்டு வருகிறது. பின்னர் இரும்பு பம்பர், வின்ச், ஸ்நார்க்கல், கூரைமேல் ஒரு நீண்ட விளக்குப் பட்டை. இந்த நீண்ட வரிசையின் எந்தப் படியிலும் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படுவதில்லை: இந்த வண்டி எந்த மண்ணில் ஓடப்போகிறது?

இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, இதில் ஆய்வுலகத்துக்கு என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். அக்கறைக்குக் காரணம் உண்டு. நிலவியல், சூழலியல், மானிடவியல், தொல்லியல் ஆகிய துறைகள் களப்பணிக்கு வாடகை வண்டிகளை நம்பியிருக்கின்றன. சாலை முடியும் இடத்தில்தான் அவற்றின் ஆய்வு தொடங்குகிறது. எந்த வண்டியை அமர்த்துவது என்று முடிவுசெய்பவர் ஒருவர். அதன் பின்னிருக்கையில் அமர்ந்து மலை இறங்கும் மாணவர் வேறொருவர். பெரிய டயரைக் கண்டதும் ‘இது எங்கும் போகும்’ என்று நம்பிவிடும் மனப்பழக்கம் துறை அலுவலகம் வரை பரவியிருக்கிறது. ஆகவே அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பது ஆய்வுலகத்தின் கடமையும் ஆகிறது.

முதலில் கணக்கு. வி-கிராஸ் பிக்கப்பின் ஆலை டயர்களில் ஒன்று 255/60 ஆர்18. அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு. உள்வளையம் 18 அங்குலம். பெருக்கிக் கூட்டினால் டயரின் முழு விட்டம் 763 மில்லிமீட்டர். அதன் இடத்தில் விரும்பி ஏற்றப்படும் 285/70 ஆர்17 டயரின் விட்டம் 831 மில்லிமீட்டர். வேறுபாடு 68 மில்லிமீட்டர். ஆனால் வண்டியின் அச்சு உயர்வது விட்ட வேறுபாட்டில் பாதி அளவுக்குத்தான். அதாவது தரை இடைவெளியில் கிடைக்கும் இலாபம் 34 மில்லிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பெருந்தொகை செலவழித்து வாங்கப்படும் உயரம் இரண்டு விரல் கனமே.

இனி, இந்த இரண்டு விரல் உயரத்துக்குக் கொடுக்கப்படும் விலை. சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. அதே எஞ்சின், அதே கியர், அதே முறுக்குவிசை; ஆனால் நெம்புகோல் நீண்டுவிட்டதால் தரையை உந்தித் தள்ளும் விசை சுமார் 8 விழுக்காடு குறைகிறது. செங்குத்தான ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து ஏற வேண்டிய வண்டிக்கு மிகத் தேவையான வலிமை எதுவோ அதுவே முதலில் பறிபோகிறது. இறக்கத்திலும் இதே கதை. எஞ்சினின் தடுப்பாற்றல் அதே விகிதத்தில் குறைகிறது. பிரேக் மிதியை முன்போலவே மிதித்தாலும் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை குறைவு. நிறுத்த வேண்டிய சுழலும் எடையோ அதிகம். வேகமானியில் முள் 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 87 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் என்று பதிவாகும்போது வண்டி 10,880 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்திருக்கிறது. எண்ணெய் மாற்றும் காலமும் தேய்மானக் கணக்கும் பொய்த்துப்போகின்றன. டிஃபரென்ஷியலின் பல்விகிதத்தை மாற்றி இதைச் சரிசெய்யலாம் என்பது உண்மை. ஆனால் டயருக்குச் செலவழித்தவர்களில் அந்த வேலைக்கும் செலவழிப்போர் மிகச் சிலரே. அது கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அல்லவா?

கணக்கைவிட முக்கியமானது நிலம். நிலத்தை அடிப்படையாக வைத்து வாழ்வையும் ஒழுக்கத்தையும் வகுத்துப் பார்த்த மொழியின் வாசகர்களுக்கு ஒரே பொருள் எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆயினும் ‘ஆஃப்-ரோடு’ என்ற ஒற்றைச் சொல், இந்த நாட்டின் அத்தனை மண்ணையும் ஒரே மண்ணாக்கிவிட்டது. சாலை இல்லாத இடம் என்ற எதிர்மறை இலக்கணத்துக்குள் மணலும் களியும் சரளையும் உப்புப்படுகையும் ஒன்றாகத் திணிக்கப்பட்டுள்ளன. அவை சக்கரத்திடம் கேட்பவையோ ஒன்றுக்கொன்று முரணானவை.

ஜெய்சல்மேரின் மணல்மேடு கேட்பது மிதக்கும் தன்மையை. அதைத் தருவது விட்டத்தைக் காட்டிலும் காற்றழுத்தம்தான். சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் வைத்திருக்கும் டயரை 18 அல்லது 20க்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் விரிகிறது. வண்டி மணலில் புதையாமல் மேலே நிற்கிறது. இதற்குத் தேவைப்படுபவை ஓர் அழுத்தமானியும், திரும்பக் காற்று நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரஸரும் மட்டுமே. ஆழமான கட்டிகள் கொண்ட மட் டெரெய்ன் டயர் மணலில் சுழலத் தொடங்கினால் மண்வெட்டியாக மாறித் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. மேகாலயத்தின் காசி மலைச்சரிவில் மழைக்கால நிலைமை நேர்மாறு. அங்கே மேற்புறக் களிமண் வழுக்கும். அதன் அடியில் உறுதியான தரை இருக்கும். அகன்ற டயர் களியின் மேல் சறுக்குகிறது; குறுகிய டயர் களியைப் பிளந்து அடித்தரையைப் பற்றுகிறது. ஸ்பிட்டியின் சரளைச் சரிவில் கூர்மையான கற்கள் தாக்குவது பக்கச்சுவரை. அங்கே தேவை வலுவான பக்கச்சுவரும் போதிய காற்றும். கட்ச் பகுதியின் ரண் உப்புப்படுகையில் மேலோடு காய்ந்து உள்ளே சேறு கிடக்கும். அந்த ஓட்டை உடைக்காமல் கடக்க உதவுவது வண்டியின் குறைந்த எடை. அங்கே ஒவ்வொரு இரும்பு உபகரணமும் மூழ்குவதற்கான ஏற்பாடு.

நான்கு நிலங்கள், நான்கு விடைகள். அவற்றில் ஒன்றுகூட ‘கடையில் கிடைக்கும் மிகப் பெரிய டயர்’ என்பதில்லை. மலைக்கான வேடத்தை அணிந்த வண்டி நகரத்துத் தார்ச்சாலையில் வாரம் முழுவதும் நிற்பதைத் திணைமயக்கம் என்று சொல்வதுகூட அச்சொல்லுக்கு இழுக்கு. அந்த மயக்கத்திலாவது இரு நிலங்கள் உண்டு. இங்கே எந்த நிலமும் இல்லை, நிலத்தின் படம் மட்டுமே உண்டு. அதிலும் ஒரு முரண்: மட் டெரெய்ன் டயரின் கட்டிகளுக்கு இடையே பள்ளம் அதிகம் என்பதால், தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத்தார்ச்சாலையில் அது நிற்கும் தூரம் கூடுகிறது. வாழ்நாளில் பெரும்பகுதி தார்ச்சாலையில் ஓடும் வண்டி, ஆண்டில் சில நாள் காணும் சேற்றுக்காக எஞ்சிய நாள் முழுவதும் ஆபத்தைச் சுமக்கிறது.

வேடம் தேவைப்படாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்பிட்டியில் பட்டாணி அறுவடைக் காலத்தில் மூட்டைகளை ஏற்றி இறங்கும் பிக்கப் ஓட்டுநர்கள், காசி மலையில் வெற்றிலையும் துடைப்பப் புல்லும் சந்தைக்குக் கொண்டுவருவோர், பார்மேர் மாவட்டத்தின் சிற்றூர்களுக்குத் தண்ணீரும் தீவனமும் கொண்டுசெல்வோர். இவர்களின் வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது ஆலை நிர்ணயித்த அளவு. பொலேரோ வகை வண்டிகளில் பரவலாக உள்ள 215/75 ஆர்15 டயரின் விட்டம் 704 மில்லிமீட்டர், 28 அங்குலம்கூட இல்லை. 4,500 மீட்டருக்கும் மேலே அமைந்த குன்சும் கணவாயை இத்தகைய டயர்கள் காலங்காலமாகக் கடந்து வருகின்றன. அவர்களுக்குச் சிறந்த டயரின் பயன் தெரியாததால் இப்படி ஓட்டுகிறார்கள் என்று எண்ணுவது அறியாமை. சுமையைக் குறைக்காத டயர், வழியோரக் கடையில் கிடைக்கும் மாற்று, பழுதுபார்க்கும் செலவு, டீசல் செலவு ஆகிய அனைத்தையும் சேர்த்து எட்டிய முடிவு அது. பனிக்காலத்தில் அவர்கள் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுகிறார்கள். பெரிய சக்கரம் வாங்குவதில்லை. இந்த அறிவுக்கு ஆய்வேடுகளில் இடமில்லை, விளம்பரங்களிலும் இடமில்லை.

இந்திய இராணுவம் பல்லாண்டுகள் இமயத்தில் ஓட்டிய மாருதி ஜிப்ஸி இதற்கு இன்னொரு சான்று. 1985இல் அறிமுகமான அந்த வண்டியின் வலிமை அதன் எடையின்மையில் இருந்தது, சக்கரங்கள் குறுகியவை. சேற்றில் சிக்கினால் நான்கு பேர் தள்ளி வெளியேற்றிவிடலாம். இன்றைய பிக்கப் நேர் எதிர்த்திசையில் பயணிக்கிறது. இரண்டு டன்னை நெருங்கும் வண்டியின் மேல் இரும்பு பம்பரும் வின்ச்சும் கூரைத்தட்டும் கூடாரமும் ஏறுகின்றன. இவற்றில் ஒவ்வொன்றும் வண்டி சுமக்க அனுமதிக்கப்பட்ட எடையிலிருந்து கழிக்கப்பட வேண்டியது. அந்தக் கழித்தலை யாரும் செய்வதில்லை. சுமப்பதற்கென்றே பிறந்த வண்டி தன் அலங்காரத்தையே சுமந்து சோர்கிறது. லிஃப்ட் கிட் எடையின் மையத்தை உயர்த்துகிறது. வளைவில் கவிழும் வாய்ப்பும் அதனுடன் உயர்கிறது. சக்கரத்தை வெளித்தள்ளும் ஸ்பேசர், பேரிங்கின் மீதும் ஸ்டியரிங்கின் மீதும் வடிவமைப்பாளர் எண்ணிப் பார்க்காத சுமையை ஏற்றுகிறது. ஒரு மாற்றம் உண்டாக்கிய பிழையைத் திருத்த அடுத்த மாற்றம், அதைத் திருத்த இன்னொன்று. துணைப்பொருள் வணிகம் செழிப்பதன் இரகசியம் இதுவே.

எதிர்வாதங்களுள் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வதே நேர்மை. திட அச்சு கொண்ட பிக்கப்பில் டிஃபரென்ஷியல் குடுவைதான் தரைக்கு மிக அருகில் தொங்கும் பகுதி. லிஃப்ட் கிட் உடலை உயர்த்துமே தவிர அந்தக் குடுவையை உயர்த்தாது. அதை உயர்த்த டயரின் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. இது முற்றிலும் சரி. பாறைகள் மண்டிய ஆற்றுப்படுகையில் அன்றாடம் ஓட வேண்டிய வண்டிக்குச் சற்றே பெரிய டயர் நியாயமான தேவை. ஆனால் இந்த வாதம் நிறுவுவது என்ன? குறிப்பிட்ட நிலத்தில், குறிப்பிட்ட தடைக்கு, அளந்தறிந்த அளவில் பெரிய டயர் உதவும் என்பதை மட்டுமே. அந்த ‘குறிப்பிட்ட’ என்ற சொல்லைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் பெரிய டயர் பொது விதியாக விற்கப்படுகிறது.

இரண்டாவது வாதம் உரிமை பற்றியது: சொந்தப் பணம், சொந்த வண்டி, பிறருக்கு என்ன? நிலம் சொந்தமில்லை என்பதே விடை. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் புல் வளரும் காலம் ஆண்டில் சில மாதங்களே. பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்களின் வாழ்வு அப்புல்லின் மேல் நிற்கிறது. கருங்கழுத்துக் கொக்குகள் அங்குள்ள சதுப்புகளில் கூடு கட்டுகின்றன. ஆழக் கட்டி கொண்ட டயர் அந்தத் தரைமேல் ஒருமுறை சுழன்றால் வேரோடு பெயர்த்தெறிகிறது; குளிரும் வறட்சியும் ஆளும் நிலத்தில் அந்தக் காயம் எளிதில் ஆறுவதில்லை. 2023 டிசம்பரில் லாஹௌல் பள்ளத்தாக்கின் சந்திரா ஆற்றுக்குள் ஒரு சுற்றுலா வாகனம் ஓட்டப்பட்ட காணொளி பரவியதும் காவல்துறை அபராதம் விதித்தது. தனியொருவரின் குறும்பாக அது பேசி முடிக்கப்பட்டது. ஆற்றைக் கடக்க முடியும் என்று காட்டும் விளம்பரங்களின் மீது யாரும் அபராதம் விதிக்கவில்லை.

பெரிய டயருக்கு ஆதரவாக எப்போதும் எடுத்துக்காட்டப்படும் நாடு ஐஸ்லாந்து. அங்கே 38 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள டயர்கள், மிகக் குறைந்த காற்றழுத்தத்தில், பனிப்பாறைகளின் மேல் மிதந்து செல்கின்றன. மேற்கோள் காட்டுவோர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதே ஐஸ்லாந்தில் பாதையை விட்டு வெளியே நிலத்தில் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். உறைந்த தரையைப் பனி மூடியிருக்கும்போதும் பனிப்பாறையின் மேலும் மட்டுமே விலக்கு. பெரிய டயர் அங்கே மண்ணைக் காப்பதற்கான ஒழுங்கின் ஒரு பகுதி. இங்கே இறக்குமதியானது டயர் மட்டும். ஒழுங்கு துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

சட்டத்தின் நிலையும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வாகனத்தின் விவரங்கள் உற்பத்தியாளரின் மூல வரையறையிலிருந்து மாறும் வகையில் அதைத் திருத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அளிக்கப்பட்ட விளக்கம் அது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வகுத்தது. பதிவுச் சான்றில் டயர் அளவு குறிக்கப்படவில்லை, எனவே டயரை மாற்றத் தடையில்லை என்ற வாதம் வண்டி ஆர்வலர்களிடையே உலவுகிறது. வாகன மாதிரி ஒப்புதலின்போது டயர் அளவும் சேர்த்தே பரிசோதிக்கப்படுகிறது என்பதை அவ்வாதம் மறைக்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் முன்னிலையில் அந்த வாதம் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடைசெய்யும் சட்டம் எதையும் வேறுபடுத்திக் காண்பதில்லை. ஆற்றுப்படுகைக்காக ஒரு படி பெரிய டயர் மாட்டிய மலைவாழ் ஓட்டுநரும், நகரச் சாலையில் அரக்க வண்டி ஓட்டுபவரும் அதன் கண்ணில் ஒருவரே. வேறுபாடு நடைமுறையில் மட்டும் தோன்றுகிறது: சோதனைச் சாவடியில் யாருக்குப் பேச்சுவன்மையும் செல்வாக்கும் இருக்கிறதோ அவர் கடந்து செல்கிறார். ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற நெறிமுறை, நாற்சக்கர உந்து வண்டிகளுக்கு உற்பத்தியாளர் குறித்த மிகப் பெரிய டயரைவிட 50 மில்லிமீட்டர் வரை விட்டம் கூட இடமளிக்கிறது. அதற்கு மேற்பட்ட மாற்றங்களைப் பொறியாளரின் சான்றோடு இணைக்கிறது. புனேயிலும் மானேசரிலும் வாகனப் பரிசோதனை நிறுவனங்கள் உள்ள நாட்டில் இத்தகைய அளவுகோலை வகுக்க இயலாது என்பதை ஏற்க முடியாது. அளவுகோல் இல்லாத தடை, ஒழுங்கை உண்டாக்குவதில்லை. கள்ளச்சந்தையையும் கையூட்டையும் உண்டாக்குகிறது.

ஆகவே களப்பணிக்கு வண்டி அமர்த்தும் துறைகள் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை தலைகீழாக மாற வேண்டும். டயரின் அளவைக் கேட்பதற்கு முன் அதன் வயதைக் கேட்க வேண்டும். பக்கச்சுவரில் பொறிக்கப்பட்ட நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் சொல்கின்றன. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அடுத்து, சுமைக் குறியீடு: 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. ஆட்களும் கருவிகளும் மாதிரிக் கற்களும் ஏறிய பின் அந்த எண் போதுமா? காற்றழுத்தத்தைக் குறைத்தால் இந்தத் தாங்குதிறனும் குறையும் என்பது ஓட்டுநருக்குத் தெரியுமா? அழுத்தமானியும் கம்ப்ரஸரும் வண்டியில் உள்ளனவா? மாற்றுச் சக்கரம் மற்ற நான்கின் அளவிலேயே உள்ளதா? வண்டி சிக்கினால் கயிற்றை மாட்ட, சட்டகத்தோடு உறுதியாகப் பிணைந்த கொக்கி முன்னும் பின்னும் உண்டா? இழுக்கும்போது பலவீனமான கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்தால் அது எறிகணை; அருகில் நிற்பது மாணவர். இவை அனைத்துக்கும் விடை கிடைத்த பிறகு, அனுமதிக்கப்பட்ட அளவில் ஒரு நல்ல ஆல் டெரெய்ன் டயர், அடிப்பகுதிக் காப்புத் தகடு, தேவை இருப்பின் டிஃபரென்ஷியல் லாக் என்று மேம்பாடுகளைப் பற்றிப் பேசலாம். வின்ச்சும் ஸ்நார்க்கலும் பட்டியலின் கடைசியில் காத்திருக்கட்டும்.

இந்தப் பட்டியலில் கவர்ச்சி ஏதும் இல்லை. புகைப்படத்தில் அழுத்தமானி தெரியாது. சுமைக் குறியீட்டுக்கு யாரும் விருப்பக்குறி இடுவதில்லை. ஆயினும் குன்சும் இறக்கத்தில் பிரேக் சூடேறும் அந்த நிமிடத்தில் பின்னிருக்கையில் இருப்பவரைக் காப்பவை இவையே. நிலத்தை அறிவதே தொழிலாகக் கொண்ட துறைகள், நிலத்தைக் கேட்காமல் செய்யப்பட்ட சக்கரத்தில் ஏறிச் சென்று எதை அறிந்துவரப்போகின்றன?